மாடு தேடாமல் நடக்கக் கூடாத ஊர்

புதுக்கோட்டைக்குப் போக வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் கழிப்பறைக் கோப்பைகளை வைக்கோல் சுற்றி ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்குப் புறப்பட்ட லாரியில் நான் கிளீனர். புதுக்கோட்டையைத் தாண்டி பைபாஸில் ஒரு தைலமரக் காட்டின் ஓரமாகப் போகும்போது கியர் பாக்ஸ் பெரிதாக ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்வு பெற்றது. அதுவரை நான் இறங்கிப் பார்த்திராத ஊர், அந்த நிமிடத்திலிருந்து என் சுற்றுலாத் தலம் ஆகிவிட்டது.

மெக்கானிக் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து, ரொம்ப நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சாமான் திருச்சியிலேருந்து வரணும்ண்ணே. நாளைக்கு வந்துரும்" என்றார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மெக்கானிக்குகள் சொன்ன 'நாளைக்கு'களைக் கேட்டவன் நான். இது நீளமான 'நாளைக்கு' என்பது அவர் சொன்ன மாதிரியிலேயே தெரிந்தது.

எங்கள் டிரைவர் தணிகாசலம் கேபினில் காலை நீட்டிக்கொண்டார். "ரெண்டு பேரும் இங்கயே கெடந்து இன்னா பண்றது? நீ போய் ஊரச் சுத்திட்டு வா. உனக்குத்தான் அந்த வியாதி இருக்குதே" என்றார்.

வியாதிதான். குடியாத்தம் எனக்குச் சொந்த ஊர். எட்டாம் வகுப்பில் பாதி படித்தேன். படிப்பை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் நான் முடிவு செய்யவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு லாரி மெதுவாகப் போனது, ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகு சூரத்தில் தறி, புனேயில் கேன்டீன், மங்களூரில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை. எந்த ஊருக்குப் போனாலும் முதல் லீவு நாளில் அந்த ஊரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்துவிடுவேன். ஏன் நடக்கிறாய் என்று எந்த ஊரிலும் ஒருத்தரும் கேட்டதில்லை. பெரிய ஊர்களில் நாம் செத்துக் கிடந்தாலும் தாண்டித்தான் போவார்கள். அதுவும் ஒரு மரியாதைதான் என்பது எனக்குப் புதுக்கோட்டையில்தான் புரிந்தது.

பைபாஸிலிருந்து ஊருக்குள் நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு பைக் வந்து நின்றது.

"எங்கிட்டுண்ணே போறீங்க?"

"டவுனுக்கு."

"ஏறுங்க."

"பரவால்ல, நடந்தே போறேன்."

"வெயில்ல என்னத்துக்கு நடக்குறீங்க? ஏறுங்கண்ணே."

"சும்மா ஊரு பாக்கத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டுப் போயிருந்தால் நல்லது. வண்டியை முதல் கியரில் போட்டு, காலால் தரையைத் தள்ளிக்கொண்டே என் பக்கத்திலேயே வந்தார். பின்னால் வந்த இன்னொரு பைக்காரரிடம், "நடந்து போறாராம்" என்று கவலையாகச் சொன்னார். அந்த இரண்டாமவர்தான் முதன்முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்.

"ஏண்ணே, மாடு தேடுறீங்களா?"

இல்லை என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், சொல்ல மனசு வரல" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

பிருந்தாவனம் முக்குக்கு வந்து ஒரு டீக்கடையில் உட்காரும்போது அதே கேள்வியை நான் ஐந்தாறு பேரிடம் வாங்கியிருந்தேன். டீ மாஸ்டரிடம், "இந்த ஊர்ல நடக்கறவன் எல்லாம் மாடுதான் தேடணுமா?" என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார்.

பக்கத்துக் கிராமத்தில் நடந்த ஜல்லிக்கட்டு அது. மூன்று நாள் முன்னால் நடந்ததாம். வாடிவாசலிலிருந்து ஒரு செவலைக் காளை வெளியே வந்தது. வந்தது என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். மைக்கில் ஒருவர், "சூறாவளி வருது! தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு!" என்று கத்தினார். தொட்டுப் பார்த்த இரண்டு பேர் வேலிக்கு வெளியே போய் விழுந்தார்கள். காளை நேராக ஓடியது. மாடு பிடிக்கிற திடலைத் தாண்டி, சொந்தக்காரர்கள் கயிற்றோடு காத்து நிற்கிற இடத்தையும் தாண்டி, வீடியோ எடுத்தவரையும் தாண்டி ஓடிப் போய்விட்டது. அதற்குக் கீழே 'காணவில்லை' என்று எழுதியிருந்தது.

"கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டு மாடு. இன்னமும் கெடைக்கல" என்றார் டீ மாஸ்டர். "வாடியில விடுறப்ப மூக்கணாங்கயித்த அறுத்துத்தான் விடுவாங்க. கயிறு இல்லாத மாட்ட எவன் பிடிக்கிறது? பைபாஸ்ல லாரி அடிச்சிரும், இல்லாட்டி கேணியில விழுந்துரும். ரெண்டும் இல்லாட்டி அடிமாட்டு வண்டிக்காரன் கண்ணுல பட்டுரும். அந்த வீட்டம்மா சோறு தண்ணி இல்லாமக் கெடக்குதாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க அந்த வீட்டுக்காரரா?" என்றார்.

"இல்லீங்க. நான் லாரி கிளீனர்."

"மாடு காணாமப் போனா யாரா இருந்தா என்ன?" என்று எனக்கு ஒரு வடையை எடுத்து வைத்தார்.

ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. நேர் நேரான தெருக்கள். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, அப்புறம் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி. இதைக் கட்டிய ராஜா முன்ஜென்மத்தில் கணக்கு வாத்தியாராக இருந்திருப்பார். எங்கள் குடியாத்தத்தில் ஆடு போன வழியில் தெரு போகும், தெரு போன வழியில் சாக்கடை போகும். அங்கே பிறந்தவனே தொலைந்து போவான். இங்கே தொலைய முயற்சி செய்தேன், முடியவில்லை. எங்கே திரும்பினாலும் பழைய மூலையிலேயே கொண்டுவந்து விடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மாடு மூன்று நாளாகத் தொலைந்திருக்கிறது என்றால் அது லேசுப்பட்ட மாடாக இருக்காது.

அரண்மனை பார்க்கப் போனேன். அரண்மனையில் இப்போது கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. மரத்தடியில் மனுவோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "மனுக் குடுக்க வந்தீங்களா?" என்றார்.

"இல்லங்க, பாக்க வந்தேன்."

"யாரை?"

"அரண்மனைய."

"அரண்மனை மீட்டிங்ல இருக்கு. உக்காருங்க" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

திருக்கோகர்ணத்தில் மியூசியம் இருக்கிறது என்றார்கள். அதுவரை நடந்து போய்ச் சேர்ந்தேன். வழியில் ஏழெட்டு பைக்குகளுக்கு 'வேண்டாம்' சொல்ல வேண்டியிருந்தது. அன்று வார விடுமுறையாம். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பூட்டிய கேட்டை வேடிக்கை பார்த்தவனைப் பார்த்து ஒரு அம்மா, "உள்ள மாடெல்லாம் போயிருக்காதுங்க. பூட்டித்தானே கெடக்கு" என்று ஆறுதல் சொன்னார்.

சாயங்காலம் பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டேன். அவித்த முட்டையை வெட்டிப் போட்டு, வெங்காயமும் சால்னாவும் சேர்த்துக் கல்லில் புரட்டிக் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிரியாணியைப் பற்றிப் பெருமை பேசித் திரிந்தவன் நான். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். புதுக்கோட்டையில் நான் கேள்வி கேட்கப்படாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

படுக்கை, லாரிக்குச் சற்றுத் தள்ளியிருந்த பெட்ரோல் பங்க்கின் சிமென்ட் தரை. கேபினில் ஒருவர்தான் காலை நீட்ட முடியும், அந்த ஒருவர் தணிகாசலம். சிமென்ட் தரை பகல் சூட்டை விடியும்வரை விட்டுக்கொடுப்பதில்லை. முதுகை அடிக்கடி மாற்றிப் போட்டால் தூக்கம் வந்துவிடும்.

மறுநாள் காலையில் தணிகாசலம் கோபமாக இருந்தார்.

"எவனோ வைக்கோலத் திருடறான்யா. ராத்திரி பின்னாடி சரசரன்னு சத்தம். காலையில பாத்தா தார்ப்பாய் கிழிஞ்சிருக்குது. ஒரு பக்கம் வைக்கோலே இல்ல."

"எறங்கிப் பாக்கறதுதானே?"

"எறங்கியிருந்தா வெட்டியிருப்பான். பெருமூச்சு வுடறான்யா அவன். பெரிய ஆளு."

கழிப்பறைக் கோப்பையை விட்டுவிட்டு வைக்கோலைத் திருடுகிற திருடன் இந்த ஊரில்தான் இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி நடந்தேன். சாமான் வரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

இரண்டாம் நாள் நடையில் முதலில் போனது செருப்பு. வார் அறுந்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தேன். அந்த நடையைப் பார்த்தவர்களுக்கு என்மேல் இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. நாலு நாளாக மாடு தேடி அலைந்தவனுக்குத்தான் அப்படிக் கால் போகும். செருப்பு தைக்கிறவர் வாரைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

"மாட்டத் தொலச்ச மனுசன்ட்ட வாங்கித்தான் நான் கோட்டை கட்டப் போறேனா? போங்கண்ணே. காய்கறி மார்க்கெட்டுப் பக்கம் முந்தாநாள் வெள்ளன ஒரு செவலை முட்டைக்கோசு எலையத் தின்னுக்கிட்டு நின்னுச்சாம். அங்கிட்டுப் போய்க் கேளுங்க."

சரிங்க என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டேன். காலையிலிருந்து அதுவரை இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இல்லை என்றால் ஏன், எதற்கு, யார், எந்த ஊர் என்று நான்கு கேள்வி. ஆமாம் என்றால் ஒரு டீ. படிப்பு குறைவாக இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்கு வரும்.

அதன் பிறகு புதுக்கோட்டை என்னை ராஜா மாதிரி வைத்துக்கொண்டது. மார்க்கெட்டில் ஒரு அக்கா, "நாந்தான் வெரட்டி விட்டேன் தம்பி. ஒங்க மாடுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு கோசு போட்டிருப்பேன்" என்று வருத்தப்பட்டு எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். கறிக்கடைக்காரர் ஒருவர், நேற்று விடியற்காலையில் புதுக்குளத்தில் அது தண்ணீர் குடித்ததாகச் சொன்னார். சைக்கிளில் கீரை விற்பவர், அதற்கப்புறம் பைபாஸ் பக்கமாகப் போன குளம்புத் தடம் பார்த்ததாகச் சொன்னார். மாட்டுக்குப் பெயர் என்ன என்று கேட்டார்கள். சூறாவளி என்றேன். கடைக்காரர்கள் நாலைந்து பேர் வெளியே வந்து மூன்றாம் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்து, "சூறாவளீ! ஏய் சூறாவளீ!" என்று எனக்காகக் கூவினார்கள். அந்த நேரம் எனக்கே கண் கலங்கியது. என் மாடு எங்கே கஷ்டப்படுகிறதோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் புதுக்குளக் கரைக்குப் போனேன். இந்த ஊரில் எந்தக் கேள்வியும் இல்லாமல் மனிதர்கள் நடக்கிற ஒரே இடம் அதுதான். ஷூ போட்டுக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எங்கேயும் போய்ச் சேராமல் நடந்தால் ஆரோக்கியம், எங்கேயாவது போவதற்கு நடந்தால் பரிதாபம். நல்ல ஊர்.

அங்கே ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இருபத்தைந்து வயதுப் பையன். பின்னால் முப்பது வயதுக்குள் இருக்கிற ஒரு பெண், கையில் சுருட்டிய கயிறு. சேலை முழுக்கப் புழுதி.

"அண்ணே, நீங்கதான் மாடு தேடுற ஆளா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

பழக்க தோஷத்தில், "ஆமாங்க" என்றேன்.

"என்ன மாடு?"

"செவலை. சூறாவளின்னு பேரு. கந்தர்வக்கோட்டைப் பக்கம்."

"அப்பறம் நாங்க யார் மாட்டத் தேடிக்கிட்டிருக்கோம்?" என்றார் அவர்.

பையன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். அவன் பெயர் முருகேசன், அந்தப் பெண்ணின் கொழுந்தன் என்பதெல்லாம் காலர் அவன் கையில் இருக்கும்போதே தெரிந்துகொண்டவை. பெண்ணின் பெயர் கோமதி.

"எவன் அனுப்புனான் ஒன்னய? அடிமாட்டுக்கு ஓட்டிட்டுப் போறதுக்கா?" என்றான் முருகேசன்.

"நாலு நாளா நாயாட்டம் அலையுறோம்" என்றார் கோமதி. "இன்னைக்கு எங்க போய்க் கேட்டாலும், 'சொந்தக்காரரு நடந்து தேடிக்கிட்டிருக்காரும்மா, வெவரமெல்லாம் அவர்ட்டச் சொல்லியாச்சு, நீங்க யாரு?'ங்குறாய்ங்க. என் மாட்ட என்கிட்டயே மறைக்கிறாய்ங்க. கோசுக்காரம்மா என்னையக் களவாணியப் பாக்குறாப்புல பாக்குது."

கையில் மிச்சமிருந்த வாழைப்பழச் சீப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஊர் என்மேல் வைத்த பாசத்துக்கு இன்னொரு பக்கம் இருந்திருக்கிறது. என் மாட்டை யாரும் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று சொந்தக்காரியிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறார்கள்.

"நான் லாரி கிளீனருங்க. வண்டி ரிப்பேரு. சும்மா ஊரு சுத்திப் பாக்க வந்தேன்" என்றேன்.

"புதுக்கோட்டையவா?" என்றான் முருகேசன். காலரை இன்னும் இறுக்கினான். இரண்டு நாளாக நான் சொல்லிப் பார்த்த உண்மை அது, அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். மார்க்கெட், கோசு இலை, குளம், விடியற்காலை, பைபாஸ் பக்கமாகப் போன தடம். கோமதி ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க முருகேசனின் கை தளர்ந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. "காலையில வாரோம். எந்த வழின்னு நீங்கதான் காட்டணும். ஓடிறாதீங்க" என்றார் கோமதி. நான் தையல் போட்ட என் செருப்பைக் காட்டினேன். அதை மாட்டிக்கொண்டு யாரும் ஓட முடியாது.

மூன்றாம் நாள் விடிந்ததும் வந்துவிட்டார்கள். முருகேசன் பைக்கில் முன்னால் போய், ஒவ்வொரு முக்கிலும் நிறுத்தி, "சூறாவளீ!" என்று கத்துவான். அவன் கத்தியதில் மூன்று தெரு நாய்கள் வந்தன. கோமதி என்னோடு நடந்தார். பைக்கில் போனால் தடம் தெரியாது என்று நான் சொன்னதை அவர் ஒத்துக்கொண்டார். புதுக்கோட்டையில் என்னோடு கூட நடந்த முதல் ஆள். நாங்கள் நடப்பதைப் பார்த்து நின்ற பைக்காரர்களிடம், "மாடு தேடுறோம்ண்ணே" என்று அவர் சொன்னதும் எல்லோரும் நிம்மதியாகப் போனார்கள்.

நடக்கும்போது பேசினார். கணவர் சவூதியில் இருக்கிறார். போகும்போது கன்றுக்குட்டியாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பருத்திக்கொட்டை ஆட்டி வைத்ததும், ஏரியில் நீச்சல் விட்டதும், மண்ணைக் குத்தப் பழக்கியதும் இவர்தான். முருகேசன் கிட்டே போனால் முட்டும். தினமும் ராத்திரி போன் வரும். "மாட்டக் காட்டு" என்பாராம்.

"அஞ்சு நாளா நெட்டு இல்ல, நெட்டு இல்லன்னு கட் பண்றேன். அவுக மாட்டுக்காகத்தான் அங்க கெடக்காக. அது இல்லன்னு நான் எப்புடிச் சொல்றது? ஒரு லாரி அடிச்சுப் போட்டிருந்தாக்கூட இந்நேரம் தெரிஞ்சிருக்கும்ல? சொல்லுங்க, தெரிஞ்சிருக்கும்தானே?"

நான் லாரியில் போகிறவன். அடித்துவிட்டு நிற்காமல் போகிற லாரிகளை எனக்குத் தெரியும். "தெரிஞ்சிருக்குங்க" என்றேன்.

குளத்திலிருந்து பைபாஸ் போகிற மண்பாதையில் சாணி கிடந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது என் கால். இந்த மாதிரி விஷயங்கள் பைக்கில் போகிறவர்களுக்குக் கிடைக்காது. கோமதி குனிந்து பார்த்துவிட்டு, "நேத்தையது" என்றார். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. தணிகாசலம்.

"டேய், சாமான் வந்துச்சு. மெக்கானிக் வந்திருக்கார். நீ வா. அந்தத் திருடன் ராத்திரியும் வந்துட்டான்யா. மீதி வைக்கோலும் போச்சு. ரெண்டு கோப்பை ஒடஞ்சு போச்சு. அதுக்கும் மேல ஒண்ணு பண்ணிட்டுப் போயிருக்கான், கேட்டா நீ நம்ப மாட்ட."

"இன்னா பண்ணான்?"

"சாணி போட்டுட்டுப் போயிருக்கான்யா!"

நான் நின்றுவிட்டேன். மார்க்கெட், குளம், பைபாஸ், தைலமரக் காடு, வைக்கோல், பெருமூச்சு. ஊர் முழுக்க நான் காலொடிய அலைந்து டீ வாங்கிக் குடித்த இரண்டு நாளும் அந்த மாடு என் லாரியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சுற்றுலாவில் இப்படி நடப்பதுண்டு. பார்க்க வேண்டியது தங்கிய இடத்துக்குப் பின்னாலேயே இருக்கும்.

லாரிக்குப் பக்கத்தில் தணிகாசலம், மெக்கானிக், பங்க்கில் வேலை பார்க்கிற இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ரோட்டில் லாரிகள் காற்றை இழுத்துக்கொண்டு போயின. காட்டுக்குள் தைலமரங்கள் வரிசை வரிசையாக நின்றன, நடுவே கருவேலம் புதர். முருகேசன் உள்ளே நாலு அடி வைத்து, "சூறாவளீ! ஏய் சூறாவளீ!" என்று தொண்டை கிழியக் கத்தினான். உள்ளே எங்கோ சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மறுபடி கத்தினான். சத்தம் இன்னும் உள்ளே தள்ளிப் போனது.

கோமதி கூப்பிடாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க கூப்புடுங்களேன்" என்றேன்.

"அந்தப் பேருக்கு அது வராது" என்றார் மெதுவாக.

"வேற பேரு இருக்குதா?"

அவர் முருகேசனைப் பார்த்தார். முருகேசன் ஓடி வந்தான். "மதினி, வேணாம். நாலு பேரு நிக்கிறாய்ங்க. வீடியோ எடுத்துப் போட்டுட்டா அடுத்த வாடியில மைக்ல சொல்லிச் சிரிப்பாய்ங்க. அப்பறம் அவன் களத்துல நிக்க முடியுமா? நாந்தான் சூறாவளின்னு பேரு குடுத்தேன்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சூறாவளி என்பது மைக்குக்கு வைத்த பெயர். வீட்டில் வேறு பெயர். அது ஜல்லிக்கட்டுக் காளைக்கு அடுக்காத பெயர். ஐந்து நாளாக மாட்டின் மானம் போய்விடக் கூடாது என்று, மாட்டுக்குத் தெரியாத பெயரைச் சொல்லி இவர்கள் ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்கள். அதே பெயரை மூன்றாம் வீதியே கூடி நின்று கூவியிருக்கிறது. அந்த மாடு எங்கேயாவது நின்று கேட்டிருந்தால், யாரையோ தேடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு கோசு இலையைத் தின்றிருக்கும்.

பைபாஸில் ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. புதருக்குள் சருகு படபடவென்று மிதிபட்டது. கோமதி அந்த ரோட்டைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார்.

"மாடே இல்லாத வீட்டுக்கு மாட்டு மானம் எதுக்கு தம்பி?" என்றார் முருகேசனிடம்.

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாங்கள் எல்லோரும் நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டு, சோறு ஊட்டக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"பட்டூ... பட்டுக்குட்டீ... எங்க சாமில்ல, வாடா, அம்மா வந்துருக்கேன் பாரு..."

சருகுச் சத்தம் நின்றது. பிறகு புதர் இரண்டாகப் பிரிந்து சூறாவளி வெளியே வந்தது. கொம்பில் எங்கள் வைக்கோல். திமில் ஒரு ஆள் உட்காரலாம் போல் இருந்தது. நான் லாரியின் மேல் நிற்கிறேன் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். எனக்கு முன்பே மெக்கானிக் அங்கே இருந்தார். தணிகாசலம் கேபினுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பங்க் ஆட்கள் பங்க்குக்கே போய்விட்டிருந்தார்கள். முருகேசன் பைக்கை விட்டுவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

காளை நேராகக் கோமதியிடம் போய் அவர் தோளில் தாடையை வைத்தது. தணிகாசலம் இரண்டு ராத்திரி பயந்த அந்தப் பெருமூச்சை விட்டது. கோமதி அதன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தார்.

"கழுதை! அஞ்சு நாளா எங்கடா ஊரு சுத்துன? வீடு வாசல் இல்ல ஒனக்கு? தேட ஆளு இல்லன்னு நெனச்சியா?"

சொல்லிக்கொண்டே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தத் திட்டில் பாதி எனக்கும் பொருந்தும் என்பதால் லாரியின் மேலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

மெக்கானிக் கையில் போன் இருந்தது. முருகேசன் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கும்பிட்டான். "அண்ணே, போடுங்கண்ணே, வேணாங்கல. ஆனா அந்தப் பேரு வர்ற எடத்துல மட்டும் சத்தத்த எடுத்துருங்கண்ணே!"

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சவூதிக்குப் போன் போட்டார். அங்கே வேலை நேரம் போல, ஏதோ மெஷின் சத்தம். கணவர் மாட்டை எல்லாப் பக்கமும் காட்டச் சொன்னார். கொம்பைக் காட்டு, காலைக் காட்டு, ஏன் இளைச்சிருக்கு, தீனி ஒழுங்கா வைக்கிறியா இல்லையா? இவர் பொறுமையாகக் காட்டிவிட்டுக் கடைசியில், "அப்புடியே என்னையும் ஒருக்காப் பாத்துக்கங்க" என்று போனைத் தன் பக்கம் திருப்பினார். நெட்டு கட் ஆகிவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே.

மாட்டை ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி வந்தது. வைக்கோலுக்கும் உடைந்த கோப்பைக்கும் நியாயம் கேட்க தணிகாசலம் கேபினை விட்டு இறங்கினார். பட்டு திரும்பிப் பார்த்தது. மறுபடி ஏறிக்கொண்டார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய், ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்து, "வேற மாடல் சாமானக் குடுத்துவிட்டுட்டாய்ங்கண்ணே. நாளைக்கு வந்துரும்" என்றார்.

மியூசியம் பாக்கி இருந்தது. நான் டவுன் பக்கம் கிளம்பினேன். கோமதி குட்டி யானையை நிறுத்தச் சொல்லி, "அண்ணே, ஏறிக்கங்க, டவுன்ல விட்டுர்றோம். முன்னாடி எடம் இல்ல. பின்னாடி பட்டோட நின்னுக்கங்க. அது ஒண்ணும் பண்ணாது" என்றார். பட்டு என்னைப் பார்த்தது. புதுக்கோட்டையில் எனக்குக் கிடைத்த லிஃப்டுகளில் நான் கஷ்டப்படாமல் மறுத்தது அது ஒன்றைத்தான். அவரும் வற்புறுத்தவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கயிறு அவர் கையில்தான் இருந்தது.

கொஞ்ச தூரம் நடப்பதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. முதல் நாள் என் பக்கத்திலேயே காலால் தள்ளிக்கொண்டு வந்த அதே ஆள்.

"அண்ணே! மாடு கெடச்சிருச்சாமே? வாட்ஸப்புல வந்துச்சு. பட்டுன்னு பேராமே?"

"ஆமாங்க. கெடச்சிருச்சு."

"ரொம்பச் சந்தோசம்ண்ணே." அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். வண்டியைக் கிளப்பப் போனவர் திரும்பி என் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "அப்பறம் எதுக்குண்ணே இன்னமும் நடந்துக்கிட்டிருக்கீங்க?"

சூரத்திலும் புனேயிலும் மங்களூரிலும் ஒருவரும் கேட்காத கேள்வி. பதில் இருக்கிறதா என்று நானும் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு காணாமப் போச்சுங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. வண்டியை ஆஃப் செய்து ஸ்டாண்டு போட்டார்.

"அப்புடிச் சொல்லுங்க. என்ன கலரு?"